கழற்றிக் கட்டுவதற்கென்றே கட்டிய பாலம்

ஜப்பானின் யமாகுச்சி மாகாணத்தில் இருக்கிறது இவாகுனி நகரம். அங்கே நிஷிகி ஆற்றின் குறுக்கே ஐந்து கண் கொண்ட கின்டாய் மரப்பாலம் நிற்கிறது. மொத்த நீளம் 193.3 மீட்டர், அகலம் 5 மீட்டர். நடுவில் உள்ள மூன்று கண்கள் வளைவுகள், ஒவ்வொன்றும் 35.1 மீட்டர் தாண்டுகிறது. இரு ஓரங்களிலும் உள்ள கண்கள் மட்டும் மரக்கால்களின் மேல் நிற்கும் சாதாரண உத்தரப் பாலங்கள். பாலம் முதலில் கட்டப்பட்ட ஆண்டு 1673. இன்று மக்கள் நடக்கும் மரங்களோ 2001-க்கும் 2004-க்கும் இடையில் ஏற்றப்பட்டவை.

பழைய மரப்பாலம் உளுத்துப்போனால் கான்கிரீட்டுக்கு மாறிவிடுவதுதான் உலக வழக்கம். 1950-ல் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது இவாகுனியிலும் அந்த யோசனை எழாமல் இல்லை. ஆனாலும் 1953-ல் மரத்திலேயே, பழைய வடிவிலேயே எழுப்பினார்கள். ஊர்ப்பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பாலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது: மேலே உள்ள மரம் கெட்டுத்தான் போகும், அதைக் கழற்றி மாற்றித்தான் ஆகவேண்டும் என்று ஏற்றுக்கொண்டு கட்டிய பாலம் இது. நடு வளைவுகளைச் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறையும், ஓரக் கண்களைச் சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றுவது சமஸ்தானக் காலத்து வழக்கம். ஆகவே இதை எப்படிக் கட்டினார்கள் என்பதைவிட எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் இந்தப் பாலம் புரியும்.

முதலில், ஏன் வளைவு? அரண்மனை ஆற்றின் ஒரு கரையில், ஊரின் பெரும்பகுதி மறு கரையில். ஆற்றுக்குள் வரிசையாகக் கால் நட்டுக் கட்டிய பழைய பாலங்கள் வெள்ளத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. மிதந்து வரும் மரங்களும் செடிகொடிகளும் கால்களில் சிக்கும். பாலமே தடுப்பணையாக மாறும். கடைசியில் எல்லாமாகச் சேர்ந்து போகும். அன்றைய ஆட்சியாளர் கிக்கவா ஹிரோயோஷிக்குச் சீனத் துறவி ஒருவர் வழியாக ஹாங்சோ மேற்கு ஏரியின் படம் ஒன்று கிடைத்ததாகச் சொல்வார்கள். அதில் சிறு தீவுகளுக்கு இடையே வளைவுப் பாலங்கள் இருந்தன. தீவுக்குப் பதில் ஆற்றில் நாலு கல்தூண் எழுப்பி, அவற்றுக்கிடையே மரவளைவு போட்டால் தண்ணீர் தாராளமாகப் போகும் என்பது கணக்கு. 1673-ல் கட்டி முடித்தார்கள். மறு ஆண்டே வெள்ளத்தில் போயிற்று. கோளாறு வளைவில் இல்லை, தூணின் அடியில். அதே ஆண்டில் திரும்பக் கட்டியபோது தூண்களைப் பலப்படுத்தி, சுற்றியுள்ள ஆற்றுப்படுகைக்கும் கல் பாவினார்கள். அதன்பின் 276 ஆண்டுகள் எந்த வெள்ளமும் பாலத்தைக் கொண்டுபோகவில்லை.

இனி வளைவு. 35 மீட்டர் நீளத்துக்கு ஒரே உத்தரம் கிடைக்காது. கிடைத்தாலும் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். அதனால் இரண்டு தூண்களிலிருந்தும் உத்தரங்களை அடுக்கடுக்காக நீட்டுகிறார்கள். முதல் உத்தரத்தின் அடிமுனை தூணில் பதித்த இரும்புச் செருப்பில் உட்காரும். அதன்மேல் இரண்டாவது கொஞ்சம் முன்தள்ளி நிற்கும், அதன்மேல் மூன்றாவது. இப்படி ஒவ்வொரு பக்கமும் 11 உத்தரங்கள். இரு பக்கத்து உத்தரங்களும் உச்சியில் நெருங்கும் இடத்தில் முகட்டு உத்தரங்கள் குறுக்கே போட்டு மூடுகின்றன. இதே அடுக்கு பாலத்தின் அகலத்தில் ஐந்து வரிசை. வளைவு என்றாலும் எந்த மரத்தையும் வளைக்கவில்லை. அடுத்தடுத்த உத்தரங்களுக்கு நடுவே ஆப்பு வடிவில் சீவிய கட்டை வைக்கிறார்கள். அந்த ஆப்பின் சாய்வு எவ்வளவோ அவ்வளவு திரும்புகிறது அடுத்த உத்தரம். வளைவின் வடிவம் முழுக்க இந்த ஆப்புகளில்தான் ஒளிந்திருக்கிறது. ஓர் ஆப்பில் தலைமயிர் அளவு பிசகினால்கூட, 11 அடுக்குத் தாண்டி உச்சிக்கு வரும்போது அது பல மடங்காகித் தெரியும்.

அடுக்கி வைத்த மரம் ஒன்றோடொன்று வழுக்காமல் இருப்பதுதான் பாதி வித்தை. ஒரே கனமுள்ள இரண்டு பலகைகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வளையாமல் நிற்கும் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். வழுக்காதபடி இறுக்கினால் எட்டு மடங்கு கூடும். ஐந்து அடுக்கு என்றால், வழுக்கினால் 5 மடங்கு, வழுக்காவிட்டால் 125. இந்த வேறுபாட்டுக்காகத்தான் உத்தரங்களுக்கு நடுவே கடினமான காஷி மரத்தில் (நம் பேச்சில் ஓக்) முளை செதுக்கி இறக்குகிறார்கள். வெளியே இரும்புப் பட்டை சுற்றி ஆணி அடிக்கிறார்கள். முளை வழுக்கலைத் தடுக்கும், பட்டை அடுக்கு பிரிந்துவிடாமல் பிடிக்கும். முளை தளர்ந்துவிட்டால் மரம் ஒவ்வொன்றும் நல்ல மரமாகவே இருந்தாலும் பாலம் தொய்யும். பழைய பாலத்தைச் சோதிக்கிறவர்கள் மரத்தை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று எழுதிவிடுவது இதனால்தான் ஆபத்து. வளைவின் பக்கவாட்டில் தெரியும் ‘வி’ வடிவத் தாங்குகட்டைகள் தொடக்கத்தில் இருந்தவை அல்ல. முதல் கட்டுமானத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சேர்த்தவை. ஆள் நடக்கும்போது ஏற்படும் அதிர்வையும் தொய்வையும் அவை குறைக்கின்றன. அடியில் குறுக்காகப் போகும் கட்டைகளின் வேலை, பாலம் பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது.

ஆறு வகை மரம் இதில் சேர்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி இடம். உத்தரங்களில் பெரும்பாலானவை அகமாட்சு என்னும் செம்பைன். நீளமாக, நேராக, பிசினோடு வளரும். வளைக்கும் விசையைத் தாங்கும் வலிமை உண்டு. ஆனால் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் உளுக்கும் மரம் அது. எனவே ஈரம் தங்க வாய்ப்புள்ள முக்கிய இடங்களுக்குக் கெயாகி வருகிறது; கெட்டியான, வைரம் பாய்ந்த மரம். நடக்கும் பலகைக்கும் கைப்பிடிக்கும் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ். மழைக்காப்புப் பலகைகளுக்கு ஹிபா. அதிலுள்ள எண்ணெய்ப்பொருள் கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாது. உத்தர முதுகைச் சமன்படுத்தும் கட்டைகளுக்குக் கூரி, அதாவது செஸ்ட்நட். முளைக்கு முன்னே சொன்ன காஷி. ஒரே ‘நல்ல மரத்தை’ எல்லா இடத்துக்கும் போட்டுவிட்டால் வேலை சுலபம், செலவு மிக அதிகம். அதிலும் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் கெடாது. எது முதலில் கெடும், எதை எளிதில் கழற்றலாம் என்று பார்த்து மரத்தைப் பங்கிட்டிருக்கிறார்கள்.

மரப்பாலத்தில் சுமையைவிடப் பெரிய எதிரி தேங்கும் ஈரம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரப்பதம் ஏறக்குறைய 28 முதல் 30 விழுக்காடு தாண்டவேண்டும். 20-க்குக் கீழே வைத்திருந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். திறந்த வெளியில் மழை பட்டு உடனே காய்ந்துவிடும் மரத்துக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கேடு வருவது தண்ணீர் புகுந்து வெளியேற முடியாத இடங்களில்: பலகை உத்தரத்தின்மேல் படியும் வரி, கைப்பிடிக் கால் தளத்தைத் துளைத்து இறங்கும் குழி, ஆணித் துளை, தூணை ஒட்டி மண்ணும் சருகும் சேரும் மூலை. இவற்றைவிட மோசம் மரத்தின் வெட்டுமுனை. நாளங்கள் அங்கே வாய் திறந்து கிடப்பதால், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். கின்டாயில் உத்தர முனைகளுக்கு மேலே சிறு மூடிப் பலகைகள் சாய்வாகப் பொருத்தியிருப்பது அழகுக்கு அல்ல. மூடி கெட்டால் மூடியை மட்டும் மாற்றினால் போதும்.

சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும் மரம் கெட்டி. ‘தொப்’ என்றால் உள்ளே பொந்து. சந்தேகப்பட்ட இடத்தில் கூரூசி குத்திப் பார்த்து, நார் நீளமாகப் பிளந்து வந்தால் பயமில்லை. கட்டைகட்டையாக உடைந்து உதிர்ந்தால் பழுப்பு உளுப்பு தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எடை குறைவதற்கு முன்பே இந்த உளுப்பில் வலிமையில் கணிசமான பங்கு போய்விடும். அதனால்தான் கொஞ்சம்தானே கெட்டிருக்கிறது என்று விட்டுவைப்பது தப்புக் கணக்கு. வெளியே சாயம் பூசிய பாலங்களில் இது இன்னும் மோசம். பூச்சு நன்றாக இருக்கும், உள்ளே மரம் இருக்காது.

மாற்றும் வேலைக்கு வருவோம். 2001-ல் தொடங்கிய பணி மூன்று குளிர்காலங்களாகப் பிரிக்கப்பட்டது. நடு வளைவை முதலில் எடுத்துக்கொண்டு, ஓரங்களை அடுத்த இரு பருவங்களுக்குத் தள்ளினார்கள். குளிர்காலம் ஏன் என்றால், மழையும் சூறாவளியும் ஓய்ந்து ஆறு வடிந்திருக்கும். ஆற்றுப்படுகையிலேயே சாரம் நடலாம். அந்தச் சாரம் வெள்ளக் காலத்துக்குள் கண்டிப்பாக அகற்றப்படவேண்டும். அதாவது தொடங்கும் தேதியைவிட முடிக்கும் தேதிதான் இரும்புத்தேதி. மொத்தச் செலவு சுமார் 260 கோடி யென்.

மரத்தை வாங்குவது இதற்கு வெகு முன்பே. பெரிய கனத்து மரம் உள்ளே காய ஆண்டுக்கணக்கில் ஆகும். வெட்டியவுடன் ஏற்றினால் பாலத்தின்மேல்தான் அது காயும், வெடிக்கும், முறுக்கும். பைனைக் குளிர்காலத்தில் வெட்டுவதே நல்லது. வெயில் காலத்தில் வெட்டிய பைனில் நீலப்பூஞ்சையும் வண்டும் ஏறும். வெட்டுமுனைகளுக்கு உடனே மெழுகோ பூச்சோ தடவவேண்டும், இல்லாவிட்டால் முனை முந்திக் காய்ந்து பிளந்துவிடும். மரம் சுருங்குவது நீளவாட்டில் இல்லை, குறுக்குவாட்டில். ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் குறுக்களவு ஏறக்குறைய கால் விழுக்காடு குறையும் என்பது கைக்கணக்கு. ஒரு மீட்டர் உயர அடுக்கு 25 விழுக்காட்டு ஈரத்தில் ஏறி 15-க்குக் காய்ந்தால் உயரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் போகிறது. இறுக்கிச் சுற்றிய இரும்புப் பட்டைக்குள் அத்தனை இடைவெளி வந்தால் பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கழற்றுவதற்கு முன் அளவெடுப்பு. கின்டாய்க்கு 1699-ஆம் ஆண்டு வரைபடமே கிடைத்திருக்கிறது. அதன்பின் வந்த மாற்றங்களின் வரைபடங்களும் உண்டு. ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தச்சர்கள் ஒவ்வொரு தடவையும் சின்னச் சின்னத் திருத்தம் செய்திருப்பது தெரியும். 1953-க்கும் 2001-க்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு. முதல் பணியில் இருபது வயதில் உளி பிடித்தவருக்கு அடுத்த பணி வரும்போது எழுபது. 20 ஆண்டு வழக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஒருவர் வாழ்நாளில் கற்றுக்கொள்ள ஒன்று, செய்ய ஒன்று, சொல்லிக்கொடுக்க ஒன்று என்று மூன்று பாலம் வரும். தொடர்பு அறுந்தால் மிஞ்சுவது காகிதம்தான். அதற்காகவே வளைவை முழு அளவில் தரையில் வரைந்து, அதன்மேல் மெல்லிய பலகை வைத்து ஒவ்வொரு உறுப்புக்கும் அச்சு எடுக்கிறார்கள். ஆப்பின் சாய்வு காகிதத்துச் சிறு அளவில் சரியாக வராது. முழு அளவுக் கோட்டில்தான் அது உண்மையாகும்.

அச்சு எடுக்கும்போது எந்த வடிவத்தை எடுப்பது என்பது ஒரு கேள்வி. ஐம்பது ஆண்டு தொய்ந்த பாலத்தை அப்படியே அளந்து அச்சு எடுத்தால் புதுப் பாலமும் தொய்ந்தே பிறக்கும். கட்டிய நாளன்று இருந்த வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்கவேண்டும். அதற்கும் மேலாகக் கொஞ்சம் உயர்த்தி வைக்கவேண்டும். கீழிருந்து தாங்கும் முட்டுக்கட்டைகளை எடுத்ததும் பொருத்துகள் இறுகி உச்சி இறங்கும் அல்லவா, அந்த இறக்கத்துக்கு.

கழற்றல் மேலிருந்து கீழ்: கைப்பிடி, தளப்பலகை, மூடிகள், தாங்குகட்டைகள், முகட்டு உத்தரம், பிறகு உச்சியிலிருந்து தூண் நோக்கி ஒவ்வொரு உத்தரமாக. முகட்டைத் தொடுவதற்கு முன்பே வளைவின் எடை முழுதும் சாரத்துக்கு மாறியிருக்கவேண்டும். ஒரு வளைவைக் கழற்றினால் தூணை அந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்த விசை நின்றுவிடும். மறுபக்க வளைவின் தள்ளல் மட்டும் பாக்கி. கின்டாயின் தூண்கள் தடித்தவை, தாங்கும். மெல்லிய தூண்களில் அமர்ந்த பல கண் வளைவுப் பாலத்தில் இதை மறந்து ஒரு கண்ணை உருவினால் பக்கத்துக் கண்ணும் கூடவே வரும். கழற்றிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, எங்கே உளுத்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது, எந்த முளை வெட்டுப்பட்டிருக்கிறது என்று குறித்துவைப்பது சலிப்பான வேலை. ஆனாலும் தண்ணீர் எங்கே புகுந்தது என்று காட்டும் சாட்சி அந்தப் பழைய மரம்தான். அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அடுத்த பாலத்திலும் அதே இடம் உளுக்கும்.

ஏற்றும்போது வரிசை தலைகீழ். தூணிலிருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாக முன்னேறி உச்சியில் மூடவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சாரம் ஒருபுறம் அழுந்தி மூடும் இடத்தில் அளவு இடறும். மூடியபின் ஆப்புகளை இறுக்கி, பட்டை சுற்றி, தாங்குகட்டைகளைப் பொருத்தியே முட்டுக்கட்டைகளை இறக்குவார்கள். அதுவும் உச்சியிலிருந்து தூண் நோக்கி, இரு பக்கமும் ஒரே வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் தடாலென்று இறக்கினால் எந்தப் பொருத்து முதலில் இறுகுகிறதோ அதுவே எல்லாப் பாரத்தையும் வாங்கிப் பிளக்கும்.

இத்தனை கவனமும் மேலே உள்ள மரத்துக்கு. பாலத்தைக் கொன்றதோ இரண்டு தடவையும் கீழே இருந்துதான். 1950 செப்டம்பரில் கிஜியா சூறாவளியின் வெள்ளம் தூண்களைச் சுற்றிய படுகையை அரித்து, தூண் சரிந்து, வளைவுகள் போயின. போர்க்காலத்தில் பராமரிப்பு தள்ளிப்போடப்பட்டதும், பக்கத்தில் ஆற்றுச் சரளை அள்ளப்பட்டதும் சேர்ந்துகொண்டன. ஆற்றில் மணல் அள்ளினால் பாலத்துக்கு என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1953-ல் தூண்களின் உள்ளே கான்கிரீட் வந்தது, வெளியே பழையபடி கல். மரத்தில் பழமையைக் காத்தவர்கள் அடித்தளத்தில் விட்டுக்கொடுத்தது சரியான முடிவு. மாற்றமுடியாத பாகத்தில் பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை.

அப்படியும் ஆறு சும்மா இருக்கவில்லை. புதுப் பாலம் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகுமுன், 2005 செப்டம்பரில், 14-ஆம் எண் சூறாவளியின் வெள்ளத்தில் முதல் கண்ணின் மரக்கால் வரிசைகளில் இரண்டு போய்விட்டன. வளைவுகளுக்குச் சேதமில்லை. ஆற்றில் கால் நடாமல் தாண்டவேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்குக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை: அடிபட்டது கால் நட்ட பகுதி மட்டும். கால்கள் மாற்றப்பட்டுப் பாலம் மறுபடி முழுமையானது.

மரப்பாலத்துக்குக் கூரை போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம். சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் 14-ஆம் நூற்றாண்டுக் கூரைப்பாலம் நூற்றாண்டுகள் தாண்டியதற்குக் கூரையே காரணம். எந்தக் காப்பு மருந்தும் அதற்கு இணையில்லை. அந்தப் பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் ஓர் இரவில் எரிந்துபோனதும் உண்மை. சில மாதங்களில், 1994 ஏப்ரலில், மரத்திலேயே மீண்டும் கட்டித் திறந்துவிட்டார்கள். ஈரத்திலிருந்து காக்கும் அதே உலர்ந்த கூரை, தீப்பிடித்தால் அதைப் பரப்பவும் செய்யும். தவிர, கின்டாயின் செங்குத்தான வளைவில் கூரை ஏற்றினால் சூறாவளிக் காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுத்ததாகிவிடும்.

இன்றைய பெரிய தட்டுப்பாடு மரம். ஜப்பானின் பைன் காடுகளை நூற்புழு நோய் பல பத்தாண்டுகளாக அழித்து வருவதால், உத்தரம் எடுக்கும் அளவுக்கு முற்றிய, நேரான செம்பைன் கிடைப்பது அரிது. கெயாகி பெருத்துவர ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேண்டும். பாலத்துக்கென்றே காடு ஒதுக்கி வளர்க்கும் முயற்சி இவாகுனியில் நடக்கிறது. பணத்துக்கு அன்று சமஸ்தானம் பால வரியாக அரிசி வாங்கியது. இன்று நடந்து பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். வரவை அடுத்த மாற்றத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துவைக்காமல் பொதுச் செலவில் கரைத்துவிட்டால் இந்த முறையே நிற்காது. ஒவ்வோர் ஆண்டும் சின்னத் தொகை ஒதுங்கினால்தான் இருபதாம் ஆண்டில் பெரிய தொகை இருக்கும்.

புதுப் பாலம் திறந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்கள் பல. முதல் இரண்டு ஆண்டுதான் அதிகம் பார்க்கவேண்டிய காலம். மரம் ஊரின் காற்றுக்குப் பழகி ஈரம் விட்டுச் சுருங்குவது அப்போதுதான். பட்டையும் ஆணியும் தளரும். ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் பட்டைகளைச் சோதித்து, தளர்ந்ததைத் திரும்ப இறுக்கவேண்டும். உச்சியின் உயரத்தை ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் அளந்து எழுதி வரவேண்டும். கோடையில் ஓர் ஆண்டு, மழையில் ஓர் ஆண்டு என்று அளந்தால் ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொய்வு என்று நினைத்துப் பதறுவோம், அல்லது உண்மைத் தொய்வை ஈரம் என்று விட்டுவிடுவோம். பலகை இடுக்கில் அடையும் மண்ணையும் சருகையும் மாதம் ஒருமுறை தள்ளிவிட ஓர் ஆளும் துடைப்பமும் போதும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போனால், இடுக்கில் அடைந்த மண் நனைந்தே கிடக்கும்; அடியிலுள்ள செம்பைனுக்கு இருபது ஆண்டு என்பது பத்தாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.